‘ஒரு வகை மரக்கலம்’

ஈராண்டுகளுக்கு முன் ஒரு நாள் முதலாமாண்டு முதுகலை மாணவர்களுக்குப் பட்டினப்பாலை நடத்திக்கொண்டிருந்தேன். உப்பைக் கொடுத்து நெல்லேற்றி வந்த பஃறிகள், இலாயத்துக் குதிரைகளைப் போலத் தறிகளில் கட்டப்பட்டு நிற்கும் இடம். பஃறி என்றால் ஒரு வகை மரக்கலம் என்று சொல்லிவிட்டு, உவமையின் நயத்தை வழக்கம்போல் பாராட்டிவிட்டு மேலே நகர முற்பட்டேன். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். மாமல்லபுரத்துக்கு அருகே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வருபவள். அவள் அப்பா ஒரு காலத்தில் கட்டுமரத்தில் போனவர், இப்போது ஃபைபர் படகில் போகிறார்.

“ஐயா, கயிற எந்தப் பக்கம் கட்டியிருப்பாங்க? அணியத்துலயா, ரெண்டு பக்கமுமா?”

எனக்குத் தெரியவில்லை. அணியம் என்ற சொல்லே எனக்கு நாவல்களில் படித்த சொல். படகின் முன்புறம் என்று அவள்தான் வகுப்புக்கு விளக்கினாள். பிறகு, “சும்மா கேட்டேங்க ஐயா” என்று உட்கார்ந்துவிட்டாள். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற பெருந்தன்மை அதில் இருந்தது. இருபதாண்டுகளாகச் சங்க இலக்கியம் கற்பிப்பவன் நான். அம்பி, ஓடம், கலம், தோணி, திமில், நாவாய், பஃறி, புணை, வங்கம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கத் தெரிந்தவன். இந்த ஒன்பதில் ஒன்றையாவது கரும்பலகையில் வரைந்து காட்டு என்றால் ஒன்பதுக்கும் ஒரே படத்தைத்தான் வரைவேன். குழந்தைகள் காகிதத்தில் செய்யும் கப்பலின் படம்.

அன்று மாலையே நான் மரம் வாங்கப் போனேன் என்று எழுதினால் அது கதை. உண்மையில் ஆறு மாதம் ஆயிற்று. ஆனால் போனேன். பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு வள்ளம் செய்யத் தொடங்கினேன். அதை முடித்துவிட்ட இந்த நேரத்தில், அதைப் பற்றி என் காதுபடவும் காதுக்கு அப்பாலும் சொல்லப்பட்டவற்றுக்குப் பதில் சொல்லவே இக்கட்டுரை.

*

சொல்லப்பட்டவை மூன்று. “தமிழ் வாத்தியாருக்குத் தச்சு வேலை எதற்கு?” என்பது முதலாவது. “பொழுது போகவில்லை போலிருக்கிறது” என்பது இரண்டாவது. மூன்றாவது சற்றுக் கௌரவமான வடிவில் வந்தது: “ஆய்வு என்பது கட்டுரை எழுதுவது. பொம்மை செய்வது அல்ல.” சொன்னவர்கள் எல்லோரும் படித்தவர்கள், என் நண்பர்கள். அவர்களில் இருவர் சங்க காலக் கடல் வணிகம் பற்றிக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்தவர்கள்.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். 1947ஆம் ஆண்டு சுவாமி விபுலாநந்தரின் ‘யாழ் நூல்’ வெளிவந்தது. சிலப்பதிகாரத்தைப் படித்துவிட்டு, யாழ் என்பது ஒரு வகை நரம்புக் கருவி என்று எழுதி அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நரம்புகளின் கணக்கைப் போட்டார், கருவியின் உறுப்புகளை ஆராய்ந்தார், யாழ்களைச் செய்வித்தார். திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியபோது அக்கருவிகளும் ஊர்வலமாக வந்தன. சொல் பொருளாகாத வரை தன் ஆய்வு முடியவில்லை என்று அவர் கருதினார். அதே 1947இல்தான் தோர் ஹெயர்தால் என்ற நார்வேக்காரர் பெருவிலிருந்து பால்சா மரங்களைக் கட்டி ‘கோன் டிக்கி’ என்ற தெப்பத்தில் பசிபிக் கடலில் இறங்கினார். அவர் நிறுவ முயன்ற குடியேற்றக் கொள்கையைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆனால், அத்தகைய தெப்பம் அவ்வளவு தொலைவு மிதக்குமா என்ற கேள்விக்கு அதன்பின் யாரும் ஊகத்தால் விடை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அண்மைய சான்று வேண்டுமானால் அதுவும் இருக்கிறது. 2025 மே மாதம் இந்தியக் கடற்படை ‘கௌண்டின்யா’ என்ற தைத்த கப்பலைக் கார்வாரில் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. ஆணி இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல். அதற்கு மூல வரைபடம் ஏதுமில்லை. கையிலிருந்தது அஜந்தாவின் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றுதான். அந்த ஓவியத்திலிருந்து கடலில் மிதக்கும் கப்பலுக்கு வர, நடுவில் ஒரு சிறு மாதிரி தேவைப்பட்டது. அந்த மாதிரிச் சோதனை சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடல்சார் பொறியியல் துறையில் நடந்தது. எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவு. ‘பொம்மை’ என்று சொன்ன நண்பர் இதைக் கவனிக்கட்டும்.

சிறிய மாதிரியை வைத்துப் பெரிய கப்பலைக் கணிக்க முடியும் என்பதைக் கணக்காக்கிக் காட்டியவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர். 1872இல் டார்க்கி என்ற ஊரில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் மாதிரிகளை இழுத்து அளந்தார். அவர் கண்ட கணக்கு தமிழ் வாத்தியாருக்கும் புரியக்கூடியது. நீளம் பத்தில் ஒன்றானால் பரப்பு நூறில் ஒன்று, எடை ஆயிரத்தில் ஒன்று. வேகமோ பத்தின் வர்க்க மூலத்தால் குறைய வேண்டும், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. என் வள்ளத்தின் அசல் இருபதடி நீளம், ஏறத்தாழ இருநூறு கிலோ எடை. என் மாதிரி இரண்டடி. அதே மரத்தில், அதே விகிதத்தில் செய்தால் இருநூறு கிராம் இருக்க வேண்டும். முதன்முறை தராசில் வைத்தபோது முந்நூற்றெழுபது கிராம் காட்டியது. கிட்டத்தட்ட இரு மடங்கு கனமான பொய்யைச் செய்து வைத்திருந்தேன். கருத்தரங்கக் கட்டுரையில் இப்படி ஒரு தராசு நமக்கு வாய்ப்பதில்லை.

*

இரண்டாவது, பொழுதுபோக்கு. இதை நான் மறுக்கப்போவதில்லை. பொழுதுபோக்காகத்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறைகளிலும் எட்டு மாதம். முதலில் எல்லோரையும்போல இணையத்தில் ஒரு பெட்டி வாங்கினேன். வட அமெரிக்கப் படகின் மாதிரி. மெல்லிய தேவதாருப் பட்டைகள், இயந்திரம் வெட்டித் தந்த சட்டங்கள், எண் போட்ட படம். பதினான்காம் பட்டையைப் பதினைந்தாம் பட்டையோடு ஒட்டவும் என்று அது சொல்லும், நான் ஒட்டுவேன். மூன்று வாரத்தில் அழகான பொருள் ஒன்று கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது. எனக்கு மட்டும் ஒன்றும் தெரிந்துகொண்டதாகத் தோன்றவில்லை. கோனார் உரை படித்துத் தேர்வெழுதுவதைப் போன்ற வெற்றி அது.

பிறகுதான் குமரி மாவட்டக் கடற்கரையில், மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய வள்ளம் ஒன்றை உரியவரின் இசைவோடு அளந்துவந்தேன். ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. காஞ்சிபுரத்தில் மாம்பலகைத் துண்டு ஒன்று வாங்கினேன். தச்சு எனக்கு வராது. எங்கள் பக்கத்தில் தறிச் சட்டம் செய்துகொடுத்தே அறுபதைத் தாண்டிய ஆசாரி ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் நின்றேன்.

“என்னா சார், கொலுவுக்கா?”

“இல்லீங்க ஆசாரி, பாடத்துக்கு.”

சிரித்தார். ஆனால் உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். நரம்போட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் நான் முதலில் கொட்டாப்புளியை ஓங்கியதும் பலகை பிளந்தது. இரண்டாவது துண்டு வாங்கினேன். வெளிப்புறத்தை முதலில் செதுக்கி முடிக்க வேண்டும், பிறகுதான் உள்ளே குடைய வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். “உள்ள எவ்ளோ எடுக்கலாம்னு வெளியதான சார் சொல்லணும்.” அசல் வள்ளத்தின் கனம் ஒன்றரை அங்குலம், மாதிரிக்கு நான்கு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதைக் கண்ணால் காண முடியாது. கட்டைவிரலை உள்ளேயும் சுட்டுவிரலை வெளியேயும் வைத்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மெலிந்த இடம் விரலுக்குத் தெரியும். விளக்குக்கு எதிரே பிடித்தால் மிக மெலிந்த இடம் செம்மையாக ஒளிவிடும். அங்கே உளி போகக் கூடாது. தராசு இருநூற்றுப் பதினைந்துக்கு இறங்கிய அன்று ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கத்தை விரலால் தட்டிக் காட்டித் திருப்பித் தந்தார். இடப்பக்கம் இன்னும் கனமாயிருந்தது.

இதைப் பொழுதுபோக்கு என்று அழைப்பதில் இழிவு ஏதுமில்லை. பதவி உயர்வுக்குரிய புள்ளிகளைத் தராத உழைப்பெல்லாம் பொழுதுபோக்கு என்றால், உ.வே.சா. ஏடு தேடி அலைந்ததும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

*

முதலாவதுக்கு வருகிறேன். தமிழ் வாத்தியாருக்குத் தச்சு வேலை எதற்கு என்ற கேள்வியில் நகைச்சுவை இருப்பதாகக் கேட்டவர் நினைத்தார். அதில் இருப்பது சாதி. கையால் செய்பவன் எழுதமாட்டான், எழுதுபவன் கையால் செய்யமாட்டான் என்ற பழைய ஏற்பாடுதான் அக்கேள்விக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்கு நாம் கொடுத்திருக்கும் விலை, நம் உரைநூல்களில் ‘ஒரு வகை மரக்கலம்’, ‘ஒரு வகை மீன்’, ‘ஒரு வகைப் பூ’ என்று வரிசையாகக் கிடக்கிறது.

கட்டுமரத்தை எடுத்துக்கொள்வோம். 1697இல் அச்சான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி சோழமண்டலக் கரைக் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். நம் சொல் ஆங்கிலத்துக்குப் போய், இரட்டை உடல் கொண்ட வேறொரு படகுக்குப் பெயராகிவிட்டது. 1830களிலும் 40களிலும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஃபிரான்சுவா எட்மோன் பாரிஸ், தாம் சென்ற கடற்கரைகளின் படகுகளையெல்லாம் அளந்து வரைந்து பெருநூலாக்கினார். சோழமண்டலக் கரையின் கட்டுமரமும், அலையை மீறிக் கரையேறும் தைத்த சலங்குப் படகும் அதில் உண்டு. பிற்காலத்தில் அவர் பாரிஸ் நகரக் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றபோது, அந்த வரைபடங்களைக் கொண்டு மாதிரிகள் செய்ய வைத்தார். 1920இல் ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகு அமைப்புகளின் தோற்றம் குறித்து விரிவான ஆய்வை வெளியிட்டார். அவர் மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றியவர். கரையில் உட்கார்ந்து அளவெடுத்தவர்.

ஒரு மாலுமி, ஒரு கடற்படை அதிகாரி, ஒரு மீன்வளத் துறை அதிகாரி. தமிழ்ப் புலவர் எங்கே? 1889இல் பத்துப்பாட்டு அச்சேறிவிட்டது. திமிலும் அம்பியும் பஃறியும் நம் கைக்கு வந்துவிட்டன. அந்த ஆண்டில் சென்னைக் கடற்கரையில் கட்டுமரம் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கிடந்திருக்கும். பாட்டில் இருப்பதற்கும் மணலில் கிடப்பதற்கும் ஏதாவது உறவு உண்டா என்று போய்க் கேட்டவர் நம் புலமை மரபில் எத்தனை பேர்?

நம்மிடம் ஏடே இல்லையா என்று கேட்கலாம். ‘கப்பல் சாத்திரம்’ இருக்கிறது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் அதை அச்சிட்டது. மரத்தின் குற்றங்கள், நாள், கோள், பலன் எல்லாம் அதில் உண்டு. அதை வைத்துக்கொண்டு ஒரு தோணி கட்ட முடியாது. கட்டியவர்களின் அறிவு விரலில் இருந்தது, விரலோடு போயிற்று.

மாறாக நம்மிடம் பெருகிக் கிடப்பது பெருமை. ‘நாவாய்’ என்பதிலிருந்துதான் ‘நேவி’ வந்தது என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் எனக்கு அனுப்பிவைக்கிறார். அந்த ஆங்கிலச் சொல் இலத்தீன் ‘நாவிஸ்’ வழி வந்தது. இதைச் சொன்னால் நான் தமிழ்ப் பகைவனாகிறேன். இராசேந்திரன் 1025இல் கடாரம் கொண்டான். கொண்டான்தான், மெய்க்கீர்த்தி சொல்கிறது. அந்தப் படையைச் சுமந்த கலங்களில் ஒன்றின் நீளம், அகலம், பாய்களின் எண்ணிக்கை இவற்றை நம்மால் உறுதியாகச் சொல்ல முடியுமா? அழகன்குளத்துப் பானையோட்டில் கீறிய கப்பல் உருவத்தைக்கூட உரோமானியக் கலமென்று அடையாளம் காட்ட லயனல் கேசன் என்ற அமெரிக்கர் வேண்டியிருந்தது. கடலை ஆண்டோம் என்று முழங்குபவர்களிடம் என் மாணவியின் கேள்வியை மட்டும் கேட்டுப் பார்க்கிறேன்: கயிற்றை எந்தப் பக்கம் கட்டினோம்?

*

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. “கட்டுமரம் போய்விட்டதே என்று புலம்புகிறீர்கள், மீனவர் ஃபைபர் படகுக்கு மாறியது அவர்கள் வாழ்க்கைக்காக அல்லவா?” ஆம், அவர்கள் வாழ்க்கைக்காகத்தான். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பங்கு ஃபைபர் படகுகள். மாற்றம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது, பேரலை அதை விரைவாக்கியது. கட்டுமரத்தில் போய்வருவது எவ்வளவு கடினம் என்று அறியாதவர்கள்தான் அதற்காகக் கண்ணீர் விடுவார்கள். என் மாணவியின் அப்பா மறுபடியும் கட்டுமரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொன்னால், என் வள்ளத்தை அடுப்பில் வைக்கலாம்.

நான் கேட்பது மீனவரிடம் அல்ல, நம்மிடம். அவர்களுக்கு அது தொழில், தொழில் மாறும். நமக்கு அது பாடம். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ என்று நாவலாசிரியர்கள் அந்தச் சொற்களை நமக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். சொல்லுக்குரிய பொருளை ஏந்தி வைத்திருக்க வேண்டியது கல்விக்கூடங்களின் வேலை. நம் தமிழ்த்துறைகளில் எத்தனை அறைகளில் ஒரு தோணியின் மாதிரி இருக்கிறது? திருவள்ளுவர் படம் இருக்கிறது. பூட்டிய கண்ணாடி அலமாரி இருக்கிறது. அலமாரிக்குள் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. அவற்றிலும் ‘ஒரு வகை மரக்கலம்’.

*

கடைசியாக ஏரி. தென்னேரி என்ற பெயர் திரையன் ஏரி என்பதன் மரூஉ என்பார்கள். தொண்டைமான் இளந்திரையன் வெட்டுவித்தது என்பது வழக்கு. நாகநாட்டுப் பெண்ணுக்கும் சோழனுக்கும் பிறந்து, தொண்டைக்கொடி அடையாளத்தோடு கடலில் விடப்பட்டு, திரை கொண்டுவந்து சேர்த்த குழந்தை அவன் என்று நச்சினார்க்கினியர் கதை சொல்கிறார். அவனைப் பெரும்பாணாற்றுப்படையில் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான் பட்டினப்பாலையையும் பாடியவர். அந்தப் பஃறிகளும் குதிரைகளும் அவருடையவை.

சென்ற ஆண்டு மழை நின்றபின் ஏரி நிறைந்திருந்தபோது, ஒரு காலை வள்ளத்தை எடுத்துக்கொண்டு போனேன். மதகுப் பக்கம் நீர் அசையாமல் இருந்த இடத்தில் விட்டேன். இடப்பக்கமாகச் சாய்ந்தது. ஆசாரி தட்டிக் காட்டிய அதே பக்கம். வலப்பக்கம் இரண்டு கூழாங்கற்களை வைத்ததும் நிமிர்ந்தது. காற்று இழுத்துப் போய்விடக் கூடாதே என்று ஒரு குச்சியை நட்டு, முன்முனையைப் பட்டு நூலால் கட்டினேன். அப்போது அது நடந்தது. முகம் குச்சியோடு நின்றது, பின்புறம் மட்டும் காற்றுக்கு இப்படியும் அப்படியுமாக நகர்ந்தது. சற்று நின்றது, மறுபடி திரும்பியது. கழுத்தில் கட்டப்பட்ட விலங்கு பின்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்து நிலைகொள்ளாமல் நிற்குமே, அப்படி. இருபதாண்டுகளாக நயம் பாராட்டிய உவமை. வரிசையாக நிற்பதுதான் ஒப்புமை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆற்றுக்கழியில், ஓதத்தில், அணியத்தில் மட்டும் கட்டிய படகுகளின் அசைவைப் பார்த்த ஒருவர் எழுதிய வரி அது என்று இப்போது நான் நினைக்கிறேன். இரு முனையும் கட்டிய படகு குதிரையாகாது, கட்டிலாகத்தான் கிடக்கும்.

இது நிறுவப்பட்ட முடிவல்ல, என் வாசிப்பு. யாரும் மறுக்கலாம். ஆனால் மறுப்பவர் ஒரு படகைக் கட்டிப் பார்த்துவிட்டு மறுக்க வேண்டும்.

மறுநாள் அதை எங்கள் தெருவில் தறி ஓட்டும் பெரியவர் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்தார். இருபுறமும் கூம்பி, நடுவே குடைந்த மரம். “நம்ம நாடாவப் பெருசா செஞ்ச மாதிரி இருக்குதே வாத்தியாரே” என்றார். அகராதியைப் புரட்டினேன். ஓடம் என்பதற்குப் படகு ஒரு பொருள், நெசவாளர் நூல்நாழி இன்னொரு பொருள். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தெருவில் வாழ்ந்துகொண்டு, இதை நான் நாற்பத்தேழு வயதில் தெரிந்துகொள்கிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கடற்கரை மாவட்டத்துத் தமிழ்த்துறை ஒவ்வொன்றும் அந்தக் கரையில் இன்னும் உயிரோடிருக்கும் படகுத் தச்சர் ஒருவரை அழைத்து, நியாயமான கூலி கொடுத்து, பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரி செய்து வாங்கட்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் அவர் சொல்லும் பெயரை மாணவர்கள் எழுதிவைக்கட்டும். பெயர்ப்பலகையில் துறைத்தலைவர் பெயருக்குப் பதிலாகத் தச்சரின் பெயர் இருக்கட்டும். ஒரு தேசியக் கருத்தரங்கின் சாப்பாட்டுச் செலவுகூட இதற்கு ஆகாது. கடல் இல்லாத ஊர்க்காரர்கள் ஏரும் தறியும் ஏற்றமும் செய்யலாம்.

என் வள்ளம் இப்போது வகுப்பறை மேசையில் இருக்கிறது. கூழாங்கற்களை எடுத்துவிட்டேன், இடப்பக்கத்தை இன்னும் சற்று இழைக்க வேண்டும். அந்த மாணவி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அமரம் கொஞ்சம் தூக்கலா இருக்குங்க ஐயா” என்றாள். அமரம் என்றால் பின்புறம். அதையும் திருத்த வேண்டும்.